ஜாக்கெட் வெட்டில் மிஞ்சிய துணியில் பாப்பா விரிப்பு

டெய்லர் கடை மூட்டையிலிருந்து பருத்தியை மட்டும் பொறுக்குங்கள். பாலியஸ்டர் கலந்தால் இஸ்திரிப் பெட்டி சூட்டில் சுருண்டுவிடும். எல்லாவற்றையும் முதலில் அலசிக் காயவையுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

5 அங்குலச் சதுரம் 36 வேண்டும். அட்டையை வைத்து, இழைக்கு நேராக வெட்டுங்கள். கோணலாக வெட்டிய துண்டு தைக்கும்போது இழுபட்டு விரியும். ஆறாறாகச் சேர்த்து ஆறு வரிசை. தையல் விடுவது சரியாகக் கால் அங்குலம். இதில்தான் பலர் கோட்டை விடுவது: ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) கூடினாலே ஒரு வரிசையில் ஒண்ணேகால் அங்குலம் போய்விடும், மூலைகள் பொருந்தாது. தையல் மடிப்பை ஒரு வரிசையில் இடமாகவும் அடுத்ததில் வலமாகவும் தேய்த்தால் மூலை தடிக்காது.

நடுவே பழைய பருத்திப் புடவை இரண்டு மடிப்பு. நம் வெயிலுக்கு அது போதும், பஞ்சு வேண்டாம். அடியில் 30 அங்குல மெல்லிய வேட்டித் துணி. மூன்றையும் சேர்த்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நூலோட்டுங்கள், ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி பொம்மும். சதுரத் தையல்கள் மேலேயே ஓடு தையல் போட்டு, மிஞ்சிய ஓரத்தை வெட்டி, 2 அங்குலப் பட்டியால் மடித்துத் தையுங்கள். பட்டி மொத்தம் 120 அங்குலம் ஆகும். பட்டன், மணி எதுவும் வேண்டாம். குழந்தை வாயில் போட்டுவிடும்.