‘அல்சைமருக்கு மருந்து கண்டுபிடிப்பு!’ – இப்படி ஒரு செய்தி வந்தால் எப்படிப் படிப்பது?

என் கணவருக்கு அல்சைமர் என்ற மறதி நோய் உறுதியானதிலிருந்து உறவினர்கள் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு செய்தியை அனுப்புகிறார்கள். “அக்கா, இனிக் கவலையில்லை” என்று ஒரு வரியும் கூடவே வரும். உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஆய்வுக் கட்டுரை என்றால் மிரள மாட்டேன். அந்தச் செய்திகளை நான் சலித்துப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். இதற்கு அறிவியல் பட்டம் வேண்டாம், கொஞ்சம் பிடிவாதம் போதும்.

முதலில் சோதனை யார்மீது நடந்தது என்று தேடுங்கள். ‘எலி’ என்ற சொல் பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் ஒளிந்திருக்கும். எலிக்கு இந்த நோய் மனிதருக்கு வருவதுபோல வருவதில்லை. மனித மரபணுவை நுழைத்து, அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் எலியின் மூளையிலும் படியுமாறு செய்கிறார்கள். 1999இல் ஒரு தடுப்பூசி அப்படிப்பட்ட எலிகளில் அந்தப் படிவுகளை அருமையாகத் தடுத்தது. மனிதர்களுக்குப் போட்டபோது சுமார் 6 சதவீதத்தினருக்கு மூளை அழற்சி வந்து, 2002இல் ஊசி போடுவதையே நிறுத்தினார்கள். எலிச் செய்தியைப் படித்துவிட்டு நான் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

மனிதர்களிடம் நடந்த சோதனை என்றால் நிதானமாக உட்காருங்கள். சதவீதத்தை நம்பி எழுந்துவிடாதீர்கள். அது எதில் சதவீதம் என்று கேளுங்கள். மூளையில் படிந்த அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் மருந்தையே எடுத்துக்கொள்வோம். 1,795 பேரிடம் 18 மாதங்கள் சோதித்தார்கள். ‘நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது’ என்பதுதான் செய்தி. நினைவையும் அன்றாடச் செயல்பாட்டையும் அளந்த அளவுகோல் 0 முதல் 18 புள்ளிவரை போகும். புள்ளி ஏற ஏற நிலைமை மோசம். மருந்து பெற்றவர்களுக்கு 1.21 புள்ளி ஏறியது, மருந்தில்லாத வெறும் திரவம் பெற்றவர்களுக்கு 1.66 ஏறியது. வித்தியாசம் 0.45 புள்ளி. இரண்டு குழுவினருமே சராசரியாகச் சரிந்தார்கள், ஒரு குழு சற்று மெதுவாகச் சரிந்தது, அவ்வளவுதான். இழந்த நினைவு யாருக்காவது திரும்பியது என்று அந்த எண்கள் சொல்லவில்லை.

இதற்குக் கொடுத்த விலையையும் அதே பக்கத்தில் தேடுங்கள். சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். 12.6 சதவீதத்தினருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. மருந்து பெறாதவர்களில் அது 1.7 சதவீதம். வீக்கம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி இல்லை என்பதும் உண்மை. அபோஈ4 என்ற மரபணு வகை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் இந்த வீக்கத்தின் ஆபத்து கூடுதல். அமிலாய்டை அகற்றினால் நோய் மெதுவாகும் என்று காட்டிய அளவில் இது பெரிய முன்னேற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு குடும்பத்துக்கு அந்த அரைப் புள்ளி பெரிதா சிறிதா என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். தலைப்பு போடுகிறவர் அல்ல.

பழைய மருந்துகளைப் புதிய சேதியாக அனுப்புவோரும் உண்டு. 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோனெபெசிலை என் கணவர் சாப்பிடுகிறார். மூளை நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து அது. அறிகுறியைச் சிறிது காலம் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தாது.

‘காரணம் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று வந்தால் எனக்கு இன்னும் சந்தேகம் கூடும். அலாய்ஸ் அல்சைமர், அகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணின் மூளையில் படிவுகளையும் முடிச்சுகளையும் பார்த்து, 1906இல் அறிவித்தார். படிவு அமிலாய்டு, முடிச்சு டாவ் என்ற இன்னொரு புரதம். அவற்றில் எது முதல், எது விளைவு என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. அமிலாய்டு உற்பத்தியோடு தொடர்புடைய மரபணுக்களில் பிழை உள்ள அபூர்வக் குடும்பங்களில் நோய் இளவயதிலேயே வருகிறது. அமிலாய்டுதான் முதல் என்பவர்களுக்கு இது சாட்சி. மூளையில் படிவு இருந்தும் தெளிவாகப் பேசி வாழ்ந்து முடித்த முதியவர்கள் மறுபக்கத்துச் சாட்சி. 2006இல் வந்து பலரும் மேற்கோள் காட்டிய ஓர் ஆய்வுக் கட்டுரை, படங்களில் திருத்தம் செய்ததாக எழுந்த புகாருக்குப் பின் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அது அமிலாய்டின் ஒரு வடிவத்தைப் பற்றியது மட்டுமே. அதனால் அமிலாய்டுதான் காரணம் என்ற முழுக் கோட்பாடும் சரிந்துவிட்டது என்று வரும் செய்தியும் மிகைதான்.

‘இப்படி வாழ்ந்தவர்களுக்கு நோய் அதிகம்’ என்னும் ஆய்வுகளில், எத்தனை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள் என்று பாருங்கள். மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடலாம். ஒருவர் நண்பர்களை விட்டு ஒதுங்குவது நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், நோயின் முதல் வேலையாகவும் இருக்கலாம். நான்கைந்து ஆண்டு ஆய்வு இதைப் பிரித்துக் காட்டாது.

இரத்தப் பரிசோதனைச் செய்திகளும் இப்போது அதிகம். டாவ் புரதத்தின் ஒரு வடிவத்தையும் (பி-டாவ் 217) அமிலாய்டையும் ஒப்பிடும் ஒரு சோதனைக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அனுமதி தந்தது. அது அறிகுறி உள்ள, 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கானது. சாவியை மறந்து வைத்துவிட்டேன் என்று ஓடிப்போய் எடுக்க வேண்டியதில்லை. பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்; இவையும் மறதிபோலவே தோன்றும், பலவற்றைச் சரிசெய்யவும் முடியும்.

ஆங்கிலம் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அமெரிக்க அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எதை முதன்மையாக அளக்கப்போகிறோம் என்று ஆய்வாளர்கள் அங்கே பதிந்திருப்பார்கள். செய்தி வேறொன்றைக் கொண்டாடினால், முதன்மை அளவீடு என்ன ஆயிற்று என்று தேடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு தேறும் செய்தியை மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். “இது நல்ல மருந்தா?” என்று கேட்காதீர்கள். “அந்தச் சோதனையில் சேர்த்துக்கொண்டவர்களின் நிலையில் இவர் இருக்கிறாரா?” என்று கேளுங்கள். லெக்கனெமாப் தொடக்க நிலையினருக்கானது. என் கணவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்ற பதில் எனக்கு இரண்டே நிமிடத்தில் கிடைத்தது. மீதி நேரத்தில் அவருடைய தூக்கத்தைப் பற்றிப் பேசினோம்.