381654729: ஒன்பது அட்டையில் ஒரே விடை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில், கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்த எண் நல்ல துணை. 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒருமுறைதான் வரும். முதல் இரண்டு இலக்கம் (38) 2ஆல் வகுபடும், முதல் மூன்று (381) 3ஆல், முதல் நான்கு (3816) 4ஆல். இப்படியே ஒன்பது வரை. இந்த நிபந்தனைக்கு வேறு விடையே இல்லை.

மணிலா அட்டையை வெட்டி ஒன்பது இலக்கங்களை எழுதிக் கொடுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். அட்டைகளை 362880 விதமாக அடுக்கலாம். கண்டபடி மாற்றிப் பார்த்தால் பிள்ளைகள் சலித்துப்போவார்கள்.

0 இல்லாததால், 5ஆல் வகுபட ஐந்தாம் இடத்தில் 5ஐ வையுங்கள். 2, 4, 6, 8ஆம் இடங்களில் இரட்டை எண்கள், மற்றவற்றில் ஒற்றை.

மூன்றாம் இலக்கம் ஒற்றை என்பதால், 4ஆல் வகுபட நான்காம் இடத்தில் 2 அல்லது 6தான் வரலாம். 14, 34, 18, 38 எதுவும் வகுபடாதே! முதல் மூன்றும் முதல் ஆறும் 3ஆல் வகுபடுவதால் நடு மூன்றின் கூட்டுத்தொகையும் வகுபட வேண்டும். ஆகவே நடுவில் 258 அல்லது 654.

அதிகம் பிசகுவது எட்டில்தான். கடைசி மூன்று இலக்கங்களைப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆறாம் இலக்கம் இரட்டை. அதன் நூறுகள் 200இன் மடங்கு, தானாகவே 8ஆல் வகுபட்டுவிடும். எனவே ஏழாம், எட்டாம் இலக்கங்கள் சேர்ந்து 16, 32, 72, 96இல் ஒன்றாக இருந்தால் போதும். இந்தக் காரணத்தைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே நின்றுவிடும்.

எஞ்சிய இரட்டை எண்ணை இரண்டாம் இடத்தில் வைத்து, முதல் மூன்றின் கூட்டுத்தொகையைச் சரிபார்த்தால் பத்தே எண்கள் மிஞ்சும்: 147258963, 741258963, 189654327, 981654327, 789654321, 987654321, 183654729, 381654729, 189654723, 981654723. ஆளுக்கு ஒன்று கொடுங்கள். 987654321 கிடைத்த பிள்ளை வென்றுவிட்டதாகவே நினைக்கும். முதல் ஏழு இலக்கத்தை 7ஆல் வகுத்தால் மீதி 5.

ஏழுக்குச் சுருக்கு வழி உண்டு. 1001 = 7 × 11 × 13. ஆகவே எண்ணை வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள். 3,816,547க்கு 547 − 816 + 3 = −266; 266 = 7 × 38. மற்ற ஒன்பதும் இங்கே விழும்.

9ஆல் வகுபடுமா என்று சோதிக்கவே வேண்டாம். 1 முதல் 9 வரை கூட்டினால் 45, எப்படி அடுக்கினாலும் வகுபடும். எட்டு இலக்கம் மட்டும் காட்டும் கால்குலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது வசதியும்கூட.

சீக்கிரம் முடித்தவர்களுக்கு: இலக்கங்கள் திரும்ப வரலாம் என்றால் இந்தச் சங்கிலி 25 இலக்கம் வரை நீளும். 3608528850368400786036725. பன்னிரண்டாம் இலக்கம் வரை கையால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.