கம்பி கழற்றியாச்சு, இனி ரிடெய்னரைக் காப்பாற்றுவது எப்படி?

பல்லை நேராக்கப் போட்டிருந்த கம்பியைக் கழற்றிய அன்று, பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே கோலாலம்பூர் செந்தூலில் வீடு வந்து சேர்ந்தேன். கைப்பையில் ஒரு சின்ன டப்பா, அதற்குள் கண்ணாடி மாதிரி ரிடெய்னர், அதாவது நேரான பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் உறை. மூன்றாவது வாரமே அது எண்ணெயில் விழுந்த அப்பளமாக நெளிந்துபோனது. வாடை அடிக்கிறதே என்று அம்மா ஃப்ளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரை ஊற்றி ஊறவைத்திருந்தார். "பிள்ளைங்க பால் போத்தல அப்படித்தானே கழுவுவோம்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தான் விவரம் சொல்லி வைக்கவில்லை. புதிதாகச் செய்யக் கொடுத்த காசில் ஒரு மாத மளிகையை முடித்திருக்கலாம்.

முதலில், இது எதற்கு?

பல் புது இடத்துக்கு வந்துவிட்டது. அதைப் பிடித்திருக்கும் நார்கள் மட்டும் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். ஈறில் இருக்கும் மீள்தன்மையுள்ள நார்கள் அடங்கிப் பழக ஒரு வருடம்கூட ஆகும். அதனால்தான் பெரும்பாலும் முதல் சில மாதம் நாள் முழுக்க, அப்புறம் இரவில் மட்டும் என்று போடச் சொல்கிறார்கள். இது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து வீட்டு அக்கா எத்தனை மாதம் போட்டார் என்று கேட்காதீர்கள், உங்கள் மருத்துவர் சொன்னதுதான் கணக்கு.

படி 1: போடுவது, கழற்றுவது

கையைக் கழுவிக்கொள்ளுங்கள். முன்பல்லில் பொருத்தி, விரலால் இரண்டு பக்கமும் கடைவாய் வரை அழுத்துங்கள். பாதி வைத்துவிட்டு 'டக்'கென்று கடித்து உட்காரவைக்கும் பழக்கம் வேண்டாம், விரிசல் விழும். கழற்றும்போது கடைவாய்ப் பக்கம், உட்புறமாக விரல்நுனியை விட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறித் தளர்த்தி எடுங்கள். ஒரே பக்கத்தைப் பிடித்து இழுத்தால் முறுகிக்கொள்ளும்.

படி 2: கழற்றிய கையோடு அலசுங்கள்

குழாய்த் தண்ணீர் போதும். எச்சில் காய்ந்து ஒட்டிவிட்டால் பிறகு தேய்க்கத் தேய்க்கப் போகாது. அப்படியே மேசையில் போட்டுவைத்தால் எறும்பு வந்துவிடும். நம்ம ஊர் எறும்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சுடுதண்ணீர் மட்டும் கூடவே கூடாது. இந்த வகை ரிடெய்னரை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக்கி, உங்கள் பல்லின் அச்சு மேல் காற்றை உறிஞ்சிப் படியவைக்கிறார்கள். சூட்டில் வடிவம் எடுத்த பொருள் சூட்டிலேயே வடிவத்தை இழந்துவிடும். அரை மில்லிமீட்டர் நெளிந்தாலும் பல்லில் சரியாக உட்காராது. மத்தியான வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டும் சுடுதண்ணீருக்குச் சளைத்ததல்ல.

படி 3: நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்

மென்மையான பிரஷ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பிரஷ் என்றால் மூலைமுடுக்கெல்லாம் போகும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, உள்ளேயும் வெளியேயும் மெதுவாகத் தேய்த்து, வழவழப்பு போகும்வரை அலசுங்கள். பற்பசை வேண்டாம். அதில் இருக்கும் நுண்துகள்கள் பல்லுக்குச் சரி, பிளாஸ்டிக்கில் கீறல் போட்டுவிடும். கீறலில்தான் கிருமி குடியேறும், வாடையும் அங்கிருந்துதான் வரும். பிளீச், ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பான் இரண்டையும் தொடாதீர்கள்.

படி 4: வாரத்துக்கு ஓரிரு முறை ஊறவையுங்கள்

பார்மசியில் பாலிடென்ட் மாதிரி, தண்ணீரில் நுரைத்துச் சுத்தம் செய்யும் மாத்திரை கிடைக்கும். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் ஊறவைத்து, நன்றாக அலசிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். வெள்ளையாகச் சொரசொரவென்று படிந்திருந்தால் அது எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கால் மணி நேரம் ஊறவைத்தால் இளகும். அதற்கும் மசியவில்லையா, கத்தியால் சுரண்டாமல் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள்.

படி 5: சாப்பாட்டுக் கடையில்

பாதி ரிடெய்னர்கள் இங்கேதான் தொலைகின்றன என்பது என் கணிப்பு. மமாக் கடையில் உட்கார்ந்ததும் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி, தட்டோரம் வைப்போம். ரொட்டி சானாய் தின்று முடித்துக் கதை பேசிக்கொண்டிருக்கும்போது, மேசை துடைக்க வந்தவர் தட்டு, குழம்புக் கிண்ணம், டிஷ்யூ எல்லாவற்றையும் ஒரே வாரலில் அள்ளிக்கொண்டு போவார். அவருக்கு அது குப்பைதான். ஆகவே டப்பா இல்லாமல் வெளியே போகாதீர்கள். கழற்றினால் டப்பா, இல்லாவிட்டால் வாய். மூன்றாவது இடம் கிடையாது.

தே தாரிக் என்னும் இனிப்புப் பால் தேநீரை ரிடெய்னரோடு குடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. சூடு ஒரு பக்கம், சாயம் ஒரு பக்கம். அதைவிட மோசம், இனிப்பு உள்ளே சிக்கிக்கொள்ளும், எச்சில் போய்க் கழுவ முடியாது, பல் சொத்தையாகும். வெறும் தண்ணீருக்கு மட்டும் கழற்ற வேண்டியதில்லை. வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டே மாட்டுங்கள், இல்லையென்றால் மஞ்சள் ஏறிவிடும்.

டப்பாவையும் சோப்பு போட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். எனக்கு இது அடிக்கடி மறந்துபோகும்.

பல்லின் பின்னால் கம்பி ஒட்டியிருந்தால்

சிலருக்கு ரிடெய்னராகவே ஒரு மெல்லிய கம்பியைப் பல்லின் பின்னால் ஒட்டிவிடுவார்கள். கழற்றுகிற வேலை மிச்சம், ஆனால் கம்பிக்கு அடியில் பற்காரை சீக்கிரம் படியும். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலான சாதாரண ஃப்ளாஸ் நேராக நுழையாது. முனை விறைப்பாக இருக்கும் சூப்பர் ஃப்ளாஸை ஊசியில் நூல் கோப்பதுபோல் கம்பிக்கு அடியில் விட்டு இழுங்கள், அல்லது பல்லிடுக்கு பிரஷ் பயன்படுத்துங்கள்.

இரண்டு மூன்று இரவு மறந்துவிட்டால்

மாட்டும்போது இறுக்கமாக இருக்கும். முழுதாக உட்கார்ந்தால் தொடர்ந்து போடுங்கள், இறுக்கம் தானாகத் தளரும். பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பலத்தைக் காட்டாமல் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். போகும்போது, உங்கள் பல் அச்சையோ ஸ்கேனையோ இன்னும் வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டு வையுங்கள். இருந்தால், பல் நகராத வரை, அதை வைத்தே அடுத்ததைச் செய்துவிடலாம்.