ஊரில் அவசரம் வந்தால் முதலில் யாரிடம் கதைப்பது?

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு இது. யாழ்ப்பாணத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுநோ வந்தால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, கட்டணம் இல்லை, தமிழில் கதைக்கலாம். ஆனால் அழைப்பை எடுப்பவர் கொழும்புப் பக்கம் இருக்கிறார். "வைரவர் கோவிலடியால் உள்ளே வாருங்கள்" என்றால் அவருக்கு என்ன விளங்கும்? வைரவர் இல்லாத ஒழுங்கை ஏது? பிரதான வீதி, அருகிலுள்ள சந்தி, பாடசாலை, கிராம சேவகர் பிரிவு எல்லாவற்றையும் போய் இறங்கிய அன்றே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அழைத்தவுடன் ஒருவரை ரோச் லைற்றோடு சந்திக்கு அனுப்புங்கள்.

இந்த ஆவணியில் நான் ஊரில் நின்ற நேரம் அம்மா குளியலறையில் விழுந்தபோது இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. குழப்பம் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஊரில் நள்ளிரவென்றால் லண்டனில் மாலை ஏழரை, ரொறன்ரோவில் பிற்பகல் இரண்டரை; உறவு முழுவதும் விழித்திருக்கும் நேரம். உதவிக்கு ஓடிவந்த உறவினர் தன் மகனுக்குச் சொல்ல, அவன் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அம்புலன்ஸ் சாரதி வழி கேட்டு எடுத்தபோது என் இணைப்பில் கனடா மாமா இருந்தார். துண்டித்தால் மறுபடி எடுத்தார். வைத்தியசாலையிலும் விடவில்லை. "வைத்தியரிடம் போனைக் கொடு, நான் கதைக்கிறேன். கொழும்புக்கு ஏற்று, காசு நான் அனுப்புகிறேன்." வைத்தியர் இடுப்பெலும்பு முறிந்த கிழவியைப் பார்ப்பதா, ரொறன்ரோவுக்கு விளக்கம் சொல்வதா? இதற்கிடையில் பாரிஸில் ஒருவர் கண்ணீர் அஞ்சலி போட்டுவிட்டார். அம்மா உயிரோடு இருக்கிறார் என்று விடியும்வரை ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தத்துக்குள் இருப்பது பயம் என்பது எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் ஊரிலிருந்து ஒரு கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள்தான் இவர்கள். ஆனாலும் அந்தப் பயத்தைப் படுக்கையருகில் நிற்பவர் தலையில் இறக்கக் கூடாது.

ஆகவே புறப்படும் முன்பே வெளிநாட்டில் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். வயதில் மூத்தவர் வேண்டாம். குறைவாகக் கதைப்பவர் போதும். செய்தி அவருக்கு மட்டும் போகும், மற்றவர்கள் அவரிடம் கேட்கட்டும். எந்த வைத்தியசாலை, எந்த விடுதி (வார்ட்), வைத்தியர் என்ன சொன்னார், அடுத்த செய்தி எத்தனை மணிக்கு: இவ்வளவையும் எழுத்தில் அனுப்புங்கள். 1990ஐ அழைக்க உள்ளூர் சிம் போட்ட தனித் தொலைபேசி ஒன்றை வைத்திருங்கள். அதன் எண்ணை எந்த மாமாவுக்கும் கொடுக்காதீர்கள்.

வைத்தியர் முதலில் கேட்டது, அம்மா என்ன குளிசை எடுக்கிறார் என்று. வெளிநாடுகளில் நாங்கள் ஐந்து பிள்ளைகள், ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை கிளினிக் கொப்பியோடு வந்து நின்றாள். இரத்தம் உறையாமல் இருக்க அம்மா குளிசை எடுப்பதை அவள்தான் சொன்னாள். சத்திரசிகிச்சைக்கு முன் கட்டாயம் தெரியவேண்டிய விடயம் அது. கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். மாதாமாதம் மருந்து மாறலாம். கிளினிக் நாளன்று தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.

பொலிஸுக்கு 119. கடவுச்சீட்டுத் தொலைந்து முறைப்பாடு கொடுக்கும்போது சிங்களத்தில் எழுதி நீட்டினால் கையெழுத்து வைக்காதீர்கள். 1987இல் இருந்து தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதித் தரும்வரை இருங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் போகிறவர்கள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் குறித்துவையுங்கள். 2008 நிஷா புயலில் குடாநாடு வெள்ளத்தில் கிடந்தது.

முதியவர்களை நெடுந்தீவுக்குக் கூட்டிப்போகிறீர்களா? கடல் கொந்தளித்தால் குறிகாட்டுவான் துறையிலிருந்து அங்கே படகு ஓடாது. திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை ஏறுமுன் கேளுங்கள். குளிசைகளை மேலும் இரண்டு நாளுக்குக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.