நார்மல் வளைவை விட்டதும் வெட்டுப்புள்ளி சரியானது

உடைத்தால்தான் பாகத்தின் வலிமை தெரியும். அதனால் கடினத்தன்மையை அளந்து வடிகட்டுகிறோம். எந்தக் கடினத்தன்மைக்கு மேல் பாகத்தை ஏற்கலாம் என்ற எல்லைதான் வெட்டுப்புள்ளி. அதை இருமாறி நார்மல் பரவல் கொண்டு, அதாவது கடினத்தன்மையும் வலிமையும் சேர்ந்து மணி வடிவில் பரவியிருப்பதாக வைத்து, கணக்கிட்டோம். வலிமைப் பரவலின் வால் இடப்பக்கம் நீண்டிருந்ததால், தேறியவற்றிலும் பலவீனமானவை வந்தன.

சரி, பரவல் அனுமானமே வேண்டாம் என்று விட்டேன். கடினத்தன்மைப்படி வரிசைப்படுத்தி, வலிமை தேறும் வாய்ப்பை ஐசோடோனிக் ரிக்ரஷன் என்ற முறையால் மதிப்பிட்டேன். கடினத்தன்மை கூடும்போது அந்த வாய்ப்பு குறையக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அப்புறம் பூட்ஸ்ட்ராப்: இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து, ஒவ்வொரு முறையும் வெட்டுப்புள்ளியைக் கணக்கிடுவது. இங்கே ஒரு பாகத்தின் கடினத்தன்மை, வலிமை இரண்டையும் ஜோடியாகவே எடுக்க வேண்டும். தனித்தனியாகக் குலுக்கினால் இரண்டுக்கும் உள்ள தொடர்பே போய்விடும், மென்பொருளும் எச்சரிக்காது. கிடைத்த வெட்டுப்புள்ளிகளில் 95-ஆம் சதமானத்தை, அதாவது 95% எதற்குக் கீழே வருகின்றனவோ அந்த உயர்ந்த மதிப்பை, வைத்துக்கொண்டேன்.

புதிய தொகுதியில் அதைத் தாண்டிய 59 பாகங்களை உடைத்தோம், எல்லாமே தேறின. குறைந்தது 95% நல்லவை என்று 95% நம்பிக்கையுடன் சொல்ல இது போதும். நல்ல பாகங்கள் சில வீணாகக் கழிகின்றன, அதற்கு வழியில்லை.