முதல்முறை சட்டமன்ற வேட்பாளர்கள் கோட்டைவிடும் இடங்கள்

2017 டிசம்பரில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் சுயேச்சையாக வேட்புமனு தாக்கல் செய்தார். தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகம். அவரை முன்மொழிந்த பத்துப் பேரில் இரண்டு பேர், மனுவில் இருப்பது தங்கள் கையெழுத்தே இல்லை என்று சொன்னதால் மனு தள்ளுபடியானது. ஒரு தெருவில்கூட ஓட்டுக் கேட்காமலே அவருடைய தேர்தல் முடிந்துபோனது. அதே தேர்தலில் ஜெயலலிதாவின் அண்ணன் மகள் ஜெ. தீபாவின் மனுவும் படிவத்தை முழுமையாக நிரப்பவில்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது.

குடும்பப் பின்னணியோ பெரும்பணமோ இல்லாதவர்கள் நிறையப் பேர் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அப்படிப் புதிதாக வருகிறவர்கள் எதிர்வேட்பாளரிடம் தோற்றால் அது தேர்தல். படிவத்திடமும் தேதியிடமும் ஆளில்லாத பூத்திடமும் தோற்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தத் தோல்விகள் எல்லாமே தவிர்க்கக்கூடியவை.

பதின்மூன்று நாளை நம்பி இறங்குவது

முதல் தவறு தேர்தல் தேதி அறிவித்த பிறகு வேலையைத் தொடங்குவது. 2021 தேர்தலில் மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 22. ஏப்ரல் 4 மாலையோடு பிரசாரம் ஓய்ந்தது, 6ஆம் தேதி வாக்குப்பதிவு. சின்னம் கைக்கு வந்தபின் ஒரு சுயேச்சைக்குக் கிடைத்தது சுமார் 13 நாள். தினம் 400 வீடு ஏறி இறங்கினாலும் 5,200 வீடுதான். பெரும்பாலான தொகுதிகளில் வாக்காளர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். மொத்த வீடுகளில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டிருந்தாலே அதிகம்.

அதனால் குறைந்தது ஆறு மாதம் முன்பாவது வாக்காளர் பட்டியலைக் கையில் எடுங்கள். பாகம் வாரியாக, அதாவது வாக்குச்சாவடி வாரியாக அச்செடுத்து, ஒவ்வொரு பாகத்திலும் உங்களுக்காக ஒரு பகல் முழுக்க உட்காரக்கூடிய ஒருவரையாவது தேடுங்கள். பட்டியலே மாறிக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. உங்கள் ஆதரவாளர் பெயர் இருக்கிறதா, உங்களை முன்மொழியப் போகிறவர் பெயர் இருக்கிறதா, ஏன், உங்கள் பெயரே இருக்கிறதா என்பதைப் பழைய பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது.

மனுத் தாக்கல் என்னும் முதல் தேர்தல்

புதியவர்கள் மனுத் தாக்கலை ஊர்வலமாகவே பார்க்கிறார்கள். மேளம், மாலை, நல்ல நேரம், கடைசி நாள். கடைசி நாள் மதியம் இரண்டே முக்கால் மணிக்கு வரிசையில் நிற்கிறவருக்குத் திருத்திக்கொள்ள நேரமே இருக்காது. மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரைதான். முதல் அல்லது இரண்டாம் நாளே கொடுத்துவிட்டால், தேர்தல் நடத்தும் அலுவலர் தரும் சரிபார்ப்புப் பட்டியலில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யலாம்.

வேட்பாளருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநிலத்தின் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் போட்டியிடலாம். ஆனால் முன்மொழிபவர்கள் அதே தொகுதிக்காரர்களாக இருந்தே தீர வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்கும் பதிவு மட்டும் பெற்ற கட்சிக்காரருக்கும் பத்துப் பேர். இந்தப் பத்துப் பேர் விதி 1996இல் வந்தது. அந்த ஆண்டு ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட மனுக்களைக் குவித்து, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். அதன் பின் டெபாசிட்டும் உயர்ந்தது. இப்போது அது 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000.

ஒருவர் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒரு முறை கட்டினால் போதும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான்கிலும் அதே பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குவதில் பயனில்லை. ஒவ்வொரு மனுவுக்கும் வேறு வேறு பத்துப் பேரைத் தேடுங்கள். மிரட்டலாலோ குழப்பத்தாலோ ஒருவர் பின்வாங்கினாலும் அடுத்த மனு உங்களைக் காப்பாற்றும். கையெழுத்தை உங்கள் கண்முன் வாங்குங்கள், பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நடப்புப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கைநாட்டு வைப்பவர் என்றால் அதற்குரிய அலுவலர் முன்னிலையில்தான் வைக்க வேண்டும். வீட்டில் வைத்து வாங்கிய ரேகை செல்லாது.

அடுத்து படிவம் 26, அதாவது சொத்து, கடன், வழக்கு, படிப்பு விவரங்களைச் சொல்லும் பிரமாணப் பத்திரம். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. 2013இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. விவரம் இல்லையென்றால் ‘இல்லை’ என்றோ ‘பொருந்தாது’ என்றோ எழுத வேண்டும். மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் கணக்கும் அதில் வரும். சமூக ஊடகக் கணக்குகளையும் குறிப்பிட வேண்டும்.

இங்கே களப்போராளிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மறியல், ஆர்ப்பாட்டம், கிராமசபையில் வாக்குவாதம் என்று எங்கேயோ போட்ட எப்.ஐ.ஆர். ஒன்று உங்கள் பெயரில் தூங்கிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். மனுவுக்கு முன்பே காவல் நிலையங்களிலும் நீதிமன்ற இணையதளத்திலும் தேடிப் பாருங்கள். வழக்கு இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்தால்தான் குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிலுவை வழக்கு உள்ளவர்கள் அதைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரமாக வெளியிட வேண்டும் என்பதால் அந்தச் செலவையும் முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

இன்னொன்று, உறுதிமொழி. மனுக் கொடுத்த பின், பரிசீலனை நாள் பிறப்பதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். பரிசீலனை, மனுத் தாக்கல் முடிந்த மறுநாளே வந்துவிடும். கடைசி நாளில் மனுக் கொடுப்பவர் அன்றைக்கே உறுதிமொழியும் எடுத்தாக வேண்டும். ‘காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று கிளம்பிப் போனால் மனு போனதுதான்.

பெயரும் சின்னமும்

சுயேச்சைகளின் பெயர் வாக்குப்பதிவு இயந்திரத்தில் கட்சிக்காரர்களுக்குக் கீழே வரும். போதாததற்கு அதே பெயரில் வேறு ஆள்கள் நிற்பார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரில் இன்னும் சில ஓ. பன்னீர்செல்வங்கள் களத்தில் இருந்தார்கள். முன்னாள் முதல்வருக்கே அந்த நிலை. ஊரில் எந்தப் பெயரால் உங்களைக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரில் வரக் கேளுங்கள். இயந்திரத்தில் புகைப்படமும் வரும், நோட்டீஸிலும் அதே படத்தைப் போடுங்கள். சின்னத்துக்கு மூன்று விருப்பம் எழுதலாம்; பார்த்ததும் பாட்டிக்கும் பெயர் சொல்ல வர வேண்டும், அது ஒன்றே அளவுகோல்.

செலவும் கணக்கும்

சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். முதல்முறை நிற்பவர்களில் பெரும்பாலோர் அதன் பக்கத்தில்கூடப் போகமாட்டார்கள். அதனாலேயே ‘நம்மிடம் என்ன கணக்கு இருக்கிறது’ என்று பதிவேட்டை அசட்டை செய்கிறார்கள். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது. மனு நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை ஒவ்வொரு செலவும் ஏற வேண்டும். நாற்காலி, தேநீர், ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் மாவட்டத்தில் விலைப்பட்டியல் இருக்கிறது. நண்பர் இலவசமாகத் தந்த வண்டிக்கும் மதிப்புப் போடுவார்கள். பிரசாரக் காலத்தில் மூன்று முறை பதிவேட்டைக் காட்டச் சொல்வார்கள். கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரை அந்த வேலைக்கு மட்டும் வையுங்கள். மேடைக்குப் பேச்சாளர் தேடுவதற்கு முன் தேட வேண்டிய ஆள் அவர்.

நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம். வாகனத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் ஆவணமில்லாமல் இருந்தால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். தொலைக்காட்சி, சமூக ஊடக விளம்பரங்களுக்கு முன்னனுமதி வேண்டும்.

ஓட்டுக்குப் பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பணப் பட்டுவாடாவால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும். ‘கொஞ்சமாவது கொடுத்தால்தான் மதிப்பார்கள்’ என்று கூட இருப்பவர்கள் கடைசி வாரத்தில் நச்சரிப்பார்கள். வட்டிக்கு வாங்கிக் கொடுத்துக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தாதீர்கள். பெரிய கட்சிகளோடு அந்தப் போட்டியில் உங்களால் ஜெயிக்கவும் முடியாது, அது தண்டனைக்குரிய குற்றமும்கூட. அதே நேரம், மைக்கைப் பிடித்துக்கொண்டு ‘காசுக்கு ஓட்டை விற்காதீர்கள்’ என்று மக்களைத் திட்டுவதும் தவறு. கூலி வேலை முடித்து வந்து நிற்கிற அம்மாவிடம் நீங்கள் ஆதரவு கேட்கப் போயிருக்கிறீர்கள். அவருடைய ரேஷன் கடை, பேருந்து, பிள்ளையின் பள்ளிக்கூடம் பற்றிக் கேளுங்கள், அவர் பேசட்டும்.

வாக்குறுதியும் அப்படித்தான். தெருவிளக்கும் சாக்கடையும் உள்ளாட்சி வேலை, ரயில் நிறுத்தம் ஒன்றிய அரசின் வேலை. எம்.எல்.ஏ. என்ன செய்ய முடியும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் அள்ளிவிட்டால் விவரம் தெரிந்த நாலு பேர் டீக்கடையிலேயே உங்களைக் கணக்குத் தீர்த்துவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் இரவு மருத்துவர் இல்லை, ஏரி வரத்துக் கால்வாய் அடைந்து கிடக்கிறது என்பவை போன்ற மூன்று பிரச்சினைகளை எடுங்கள். எந்தத் துறை, யாருக்கு மனுக் கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்று தாளோடு பேசுங்கள்.

பூத்

முகநூலில் உங்களைப் பின்தொடர்பவர்களில் எத்தனை பேர் உங்கள் தொகுதி வாக்காளர்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பிரசாரம் நன்றாகப் போகிறது என்று நம்புவது இந்தத் தலைமுறையின் பெருந்தவறு. ஓட்டு விழும் இடம் பூத். ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 வாக்குச்சாவடிகள் இருக்கும். எல்லாவற்றிலும் ஆள் போட முடியாவிட்டாலும் உங்களுக்கு ஓட்டு விழும் என்று நம்பும் சாவடிகளிலாவது முகவரும் மாற்று முகவரும் வேண்டும்.

முகவர் அதே பாகத்தில் வசிப்பவராக இருந்தால்தான் வருகிறவர் யார் என்று அடையாளம் தெரியும். வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே நடக்கும் மாதிரி வாக்குப்பதிவுக்கு அவர் அங்கே இருக்க வேண்டும். இன்னொருவர் பெயரில் யாராவது ஓட்டுப்போட வந்தால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சாயங்காலம் முடிந்ததும் 17சி படிவத்தின் நகலைக் கையில் வாங்காமல் எழுந்து வரக் கூடாது. அந்தச் சாவடியில் மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவானது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி அது. அவருக்குச் சாப்பாடு யார் கொண்டுபோவது என்பதையும் முந்தின நாளே முடிவு செய்யுங்கள். பசியோடு மதியம் வீட்டுக்குப் போன முகவர் பல நேரம் திரும்பி வருவதில்லை.

பூத் சிலிப்பில் பெயரோ சின்னமோ அச்சடிப்பது ஆர்வத்தில் செய்யும் பிழை. வெள்ளைத் தாளில் வாக்காளர் விவரம் மட்டும்தான் இருக்க வேண்டும். வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது, உங்கள் மேசையும் அந்த 100 மீட்டருக்கு அப்பால்தான்.

எண்ணிக்கை நாளும் அதற்குப் பிறகும்

2016இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 2021இல் தியாகராய நகரில் 137, மொடக்குறிச்சியில் 281. ராதாபுரத்தில் சர்ச்சை தபால் ஓட்டுகளைச் செல்லாதவை என்று ஒதுக்கியதில் எழுந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிடும் அளவுக்கு வழக்கு நீண்டது. எண்ணும் மேசை ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவர், தபால் ஓட்டு எண்ணும் மேசைக்குச் சட்டம் தெரிந்த ஒருவர் வேண்டும். 17சி நகல்களைக் கோப்பாக அடுக்கி எடுத்துப் போக வேண்டும். மறுஎண்ணிக்கை கேட்பதாக இருந்தால் முடிவுத் தாளில் அலுவலர் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். அதற்கப்புறம் வழி தேர்தல் வழக்குத்தான், அதுவும் 45 நாளுக்குள்.

தோற்றவர்கள் செய்யும் கடைசித் தவறு, மறுநாளே எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைப்பது. பதிவான செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருந்தால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். டெபாசிட் போனாலும் போகாவிட்டாலும், முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். ஒப்படைக்காதவரை மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்கவிடாமல் தகுதிநீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்த இரவே கணக்குப் பார்த்த நண்பரோடு உட்கார்ந்து ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கத் தொடங்குங்கள். ஒப்படைத்ததும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் சீட்டை வாங்கி, பாகம் வாரியான ஓட்டு விவரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வரும்போது அந்த இரண்டும் தேவைப்படும்.