நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்த கிணறுகளில் நீர்மட்டமும் தரமும் அறியும் முறை

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்துடன் இருக்கும் ஊற்றுநீரை இடைவிடாது இறைத்தே சுரங்கம் வெட்டப்படுவதால், சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டத்தை மாதந்தோறும் குறித்து வைப்பது அவசியம். கிணற்று விளிம்பில் பெயிண்டால் ஒரு குறியிட்டு, இரவு முழுவதும் மோட்டார் ஓடாதிருந்த விடியற்காலையில், எப்போதும் அந்தக் குறியிலிருந்தே நாடாவை இறக்கி அளக்க வேண்டும். குறி மாறினால் பழைய அளவுகளுடன் ஒப்பிட இயலாது. பக்கத்து வயலின் மோட்டாரும் நின்றிருந்ததா என்பதையும் எழுதுங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

தரம் அறிய, ஆழ்துளைக் கிணற்று நீரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அதே நீரால் புட்டியை மும்முறை அலசிய பின்னரே நிரப்ப வேண்டும். உலோகங்களைச் சோதிக்க ஆய்வகம் தரும் அமிலமிட்ட புட்டியை மட்டும் அலசக் கூடாது. இந்தியக் குடிநீர்த் தரநிலையில் ஏற்கத்தக்க வரம்பு, கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், சல்பேட்டுக்கு 200 மில்லிகிராம்.